காணாமற்போன சின்னம்

சனிக்கிழமை மாலை. மறுநாள் திருப்பலியில் வாசிக்க வேண்டிய பங்கு அறிவிப்புகளைத் தட்டச்சு செய்து முடித்து, மின்னஞ்சலில் அச்சகத்துக்கு அனுப்ப முனைந்தோம். கணினித் திரையின் வலக்கோடியில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், விசிறி விரித்தாற்போல் சில வில்வளைவுகளாக நாள்தோறும் நிற்கும் ஒரு சிறு சின்னம் அன்று அங்கே இல்லை. கம்பியில்லா இணைப்பு உயிரோடு இருக்கிறது என்று நமக்கு அறிவிக்கும் சின்னம் அது.

"இணையம் போய்விட்டது" என்று தீர்ப்பளித்தோம். உபதேசியாரிடம் சொன்னோம். திருமண ஓலை கொடுக்க வந்தவர்களிடம் சொன்னோம். இணைப்புத் தந்தவரைத் தொலைபேசியில் அழைத்தோம். தம் பக்கம் யாவும் சீராக இருப்பதாக அவர் சொன்னதை நாம் நம்பவில்லை. கண்ணால் காண்கிறோமே! இரவுச் செபத்துக்குமுன், மணியடிக்க வந்த பீடச் சிறுவன் ஒருவன் நம் தோளுக்குப் பின்னே நின்று எட்டிப் பார்த்தான். கேளாமலே கை நீட்டி உலாவியைத் திறந்தான். பக்கம் பளிச்சென்று விரிந்தது.

"நெட் இருக்குது ஃபாதர். படம்தான் ஒளிஞ்சிருக்கு" என்றான்.

கடிகாரத்தின் இடப்பக்கம் மேல்நோக்கிய ஒரு சிறு அம்புக்குறி உண்டு. அதைத் தட்டினான். ஒரு குட்டிப் பெட்டி திறந்தது. அதனுள்ளே வேறு மூன்று நான்கு சின்னங்களோடு நம்முடைய விசிறியும் அமைதியாக உட்கார்ந்திருந்தது. எப்போதோ நம் கையே தவறுதலாக அதை இழுத்து உள்ளே தள்ளியிருக்க வேண்டும். சிறுவன் அதைப் பிடித்து வெளியே இழுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டு மணியடிக்கச் சென்றான். மூன்று மணி நேரமாக இணைப்பு இருந்தது. நாமோ இல்லை என்று அறிவித்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் மறையுரையில் இதையே எடுத்துச் சொன்னோம். காணாதது எல்லாம் இல்லாதது அன்று என்று விளக்கினோம். மக்கள் சிரித்தார்கள். பாடம் கற்றுவிட்டதாக நாமும் மகிழ்ந்தோம். கற்கவில்லை என்பதை உணர்த்த ஆண்டவர் நம்மை மாகறலுக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்லவே இக்கட்டுரை.

கணினித் திரையில் காணும் இச்சிறு படங்களை ஆங்கிலத்தார் 'ஐகான்' என்கின்றனர். தமிழில் படவுரு என்றும் சின்னம் என்றும் வழங்குகிறோம். இச்சொல் நம் வீட்டுச் சொல் என்பதைப் பலர் அறியார். டேவிட் கேன்ஃபீல்டு ஸ்மித் என்பவர் 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் கணினிக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தார். கிழக்குத் திருச்சபையின் ஆலயங்களில் வணங்கப்படும் திருவோவியங்களை மனத்தில் கொண்டே அப்பெயரைத் தேர்ந்ததாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். வெறும் படமாக இராமல், தான் குறிக்கும் பொருளின் தன்மையைத் தாங்கி நிற்பதே ஐகான் என்பது அவர் கண்ட நயம். 1981இல் ஜெராக்ஸ் நிறுவனம் ஸ்டார் என்னும் கணினியைச் சந்தைக்குக் கொண்டுவந்தபோது அச்சின்னங்களும் உடன் வந்தன.

புனித பவுலடியார் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தில், கட்புலனாகாத கடவுளின் சாயல் என்று கிறிஸ்துவைக் குறிக்கக் கையாண்ட கிரேக்கச் சொல்லும் இதுவே. எட்டாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசர்கள் திருவோவியங்களை உடைக்க ஆணையிட்டபோது, எருசலேமுக்கு அருகே மடத்தில் வாழ்ந்த தமஸ்கு நகர் யோவான் அவற்றுக்காக வாதாடினார். 787ஆம் ஆண்டின் இரண்டாம் நீசேயாச் சங்கம், படத்துக்குச் செலுத்தும் வணக்கம் அப்படம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்று தெளிவுபடுத்தியது. குருமடத்தில் இவற்றையெல்லாம் தேர்வுக்காக மனப்பாடம் செய்தோம். படத்துக்கும் பொருளுக்கும் உள்ள உறவை ஆழ்ந்து கற்ற நாமே, திரையில் படம் மறைந்ததும் பொருளும் மறைந்தது என்று முடிவு கட்டினோம் என்பது வேடிக்கை.

கம்பியில்லாச் செய்தியும் குருக்களுக்குப் புதிதன்று. பிரேசில் நாட்டில் பங்குப் பணியாற்றிய ராபர்ட்டோ லாண்டெல் டி மௌரா என்னும் குரு, 1900ஆம் ஆண்டில் சாவோ பாவ்லோ நகரில் மனிதக் குரலைக் கம்பியின்றி அனுப்பிக் காட்டினார். 1904இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1931 பிப்ரவரி 12ஆம் நாள் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியில் திருத்தந்தை பதினோராம் பயஸ் உலகுக்குப் பேசினார். நம் இளமையில், மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்க எத்தனை குடும்பங்கள் காத்திருந்தன! சிற்றலையில் இரைச்சலும் குரலும் கலந்து வரும். அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2018இல் நின்று, இணையத்துக்கு மாறிவிட்டது. சில பழைய வானொலிப் பெட்டிகளில் பச்சையாய் ஒளிரும் கண் போன்ற ஒரு குமிழ் இருக்கும். அலை சரியாகப் பிடிபட்டால் அக்கண் ஒடுங்கும், நழுவினால் விரியும். அலைகள் கண்ணுக்குத் தெரியாதவை ஆதலால் அவற்றுக்கு ஒரு கண்ணைச் செய்து வைத்தார்கள். இன்றைய விசிறிச் சின்னம் அந்தப் பச்சைக் கண்ணின் பேத்தி.

இனி மாகறல்.

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில் ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், செய்யாற்றின் கரையில் உள்ள ஊர் மாகறல். திருஞானசம்பந்தர் பாடிய தொண்டை நாட்டுத் தலங்களுள் ஒன்றான திருமாகறலீசுவரர் கோயில் அங்கே உள்ளது. அவ்வூர்த் தலபுராணத்தில் ஓர் அழகிய கதை உண்டு. பொன்னிறமாய் மின்னிய உடும்பு ஒன்றை அரசன் துரத்த, அது ஒரு புற்றுக்குள் புகுந்து மறைந்தது. புற்றை அகழ்ந்தபோது குருதி பெருகியது. மறைந்தது இறையே என்று அவன் உணர்ந்தான். அங்குள்ள இலிங்கம் உடும்பின் வால் வடிவில் அமைந்திருப்பதாகச் சொல்வர். இது நம் மறையின் கதையன்று. ஆயினும் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் நமக்குக் கற்பித்தது. கண் முன்னே ஓடியது மறைந்ததும் போய்விட்டது என்று அரசன் திரும்பிவிடவில்லை. நின்று, மறைந்த இடத்தைத் தேடினான். இக்கதையைக் கேட்கும்தோறும் அதுவே நம் மனத்தில் தங்கும்.

அவ்வூர்ப் பக்கம் நம் பங்கைச் சேர்ந்த குடும்பங்கள் சில உள்ளன. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தின் புதுவீட்டை மந்திரிக்கச் சென்றிருந்தோம். செபம் முடிந்து பந்தியில் அமரும் வேளையில் பதினேழு பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி வாயிற்படியில் வந்து நின்றாள்.

"ஃபாதர், உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியும்னு சொன்னாங்க. கொஞ்சம் வீட்டுக்கு வர முடியுமா?" என்றாள்.

அவளை யாரென்று அறிந்ததும் நம் உள்ளம் சற்றே தயங்கியது. அவளுடைய தந்தையார் பட்டுத்தறியில் கூலிக்கு நெய்பவர். முன்னாளில் பாடற்குழுவில் நின்றவர். 2021ஆம் ஆண்டு மே மாதம், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் அவருடைய மனைவி மருத்துவமனையில் இறந்தார். அதன்பின் அவர் ஒருநாளும் திருப்பலிக்கு வரவில்லை. பாஸ்கா ஞாயிறன்றும் இல்லை, கிறிஸ்து பிறப்பு விழாவன்றும் இல்லை. மூன்றாம் ஆண்டில் நம் பங்கின் குடும்பப் பதிவேட்டைத் திருத்தும்போது அவர் பெயருக்கு எதிரே பென்சிலால் ஒரு வினாக்குறி இட்டோம். விசுவாசம் தளர்ந்த குடும்பம் என்பது அதன் பொருள். மந்திரிக்கச் சென்ற வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே மூன்றே தெரு. அந்தப் பெண் வந்து அழைத்திராவிட்டால் அன்றும் நாம் அவ்வீட்டைப் பாராமலே திரும்பியிருப்போம்.

வீட்டின் முன்கட்டில் தறி. அதன்மேல் ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோல் கோத்துத் தொங்கின. தறியின் ஓசை தெருவிலேயே கேட்டது. அவர் எழுந்து கைகூப்பி, "வாங்க சாமி" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. உட்கட்டில், சுவரோரமாக ஒரு பழைய மேசைக் கணினி.

பொறியியல் படிப்புக்கான கலந்தாய்வு 2018 முதல் இணையவழியில் நடைபெறுவதை வாசகர் அறிவர். மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பதிய வேண்டும். அவ்வரிசைப்படியே இடம் கிடைக்கும். அப்பெண்ணுக்கு அன்று மாலையோடு காலம் முடிகிறது. ஐம்பது அறுபது பெயர்களை மேலும் கீழும் நகர்த்த வேண்டும். கைபேசியின் சிறு திரையில் விரல் தவறிவிடுமோ என்று அஞ்சி அவள் பெரிய திரையை நம்பியிருந்தாள். காலையில் கணினியைத் திறந்தபோது விசிறிச் சின்னத்தைக் காணவில்லை. அதன் இடத்தில் குறுக்கே தடையிட்ட ஓர் உலக உருண்டை நின்றது.

நாம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டோம். பீடச் சிறுவனிடம் கற்ற பாடம் கைவசம் இருந்தது அல்லவா? முதலில் அந்தச் சிறு அம்புக்குறியைத் தட்டினோம். உள்ளே இல்லை. செட்டிங்ஸ் பகுதியில் தோற்ற அமைப்புகளுக்குள் நுழைந்து, பணிப்பட்டையில் எந்தெந்தச் சின்னங்கள் தோன்ற வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடத்தைப் பார்த்தோம். இணைப்பின் சின்னம் தோன்ற அனுமதி இருந்தது. விமான நிலை என்னும் அமைப்பு முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தோம். இல்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, எக்ஸ்ப்ளோரர் என்பதை மறுபடி தொடங்கச் செய்தோம். திரை ஒரு கணம் வெறுமையாகி மீண்டும் வந்தது. சின்னம் மட்டும் வரவில்லை. படம் மறைந்திருந்தால் இவற்றுள் ஏதேனும் ஒன்று அதை மீட்டிருக்கும்.

அடுத்து டிவைஸ் மேனேஜரைத் திறந்தோம். கணினியின் உறுப்புகள் யாவும் பெயர் பெயராக வரிசைப்பட்டிருக்கும் பதிவேடு அது. பிணையக் கருவிகளின் பட்டியலில் கம்பியில்லாக் கருவியின் பெயரே இல்லை. மறைந்துள்ளவற்றையும் காட்டுமாறு கட்டளையிட்டோம். அப்போது அந்தப் பெயர் தோன்றியது, ஆனால் மங்கலாக. மற்றப் பெயர்களெல்லாம் கறுப்பாகத் தெளிந்து நிற்க, இது மட்டும் சாம்பல் நிறத்தில் வெளிறிக் கிடந்தது. முன்பு இருந்தது, இப்போது தொடர்பில் இல்லை என்பது அதன் பொருள். கணினி அந்தப் பெயரை அழித்துவிடவில்லை. என்றேனும் திரும்பிவரும் என்பதுபோல் மங்கலாக வைத்திருந்தது.

"கருவி பழுதாகிவிட்டது போலும், அம்மா. வேறு வாங்க வேண்டும். காஞ்சிபுரம் போய் வர நேரமாகிவிடும்" என்றோம். அவள் கண்களில் நீர் திரண்டது.

முன்கட்டில் தறியின் ஓசை நின்றது. அவர் எழுந்து வந்து நிலைப்படியில் நின்றார்.

"சாமி, சேலையில பூ விழலன்னா நாங்க சேலையைப் பார்க்க மாட்டோம். மேல ஏறிப் பார்ப்போம். எந்தக் கொக்கி தூக்கல, எந்தக் கயிறு அறுந்துச்சுன்னு. பூ இங்க தெரியும். ஆனா அது இங்க இருந்து வர்றதில்ல" என்றார்.

சொல்லிக்கொண்டே கணினியின் பின்புறம் குனிந்தார். அங்கே ஒரு துளையில் செருகியிருந்த, கட்டைவிரல் நகமளவே உள்ள ஒரு சிறு கருவியைப் பிடுங்கினார். மேசைக் கணினிகளில் பலவற்றுக்கு அலைகளைப் பிடிக்கும் உறுப்பு உடலோடு அமைந்திருப்பதில்லை. இப்படிச் செருகிக்கொள்ளும் சிறு கருவியே அவற்றுக்குச் செவி. அதில் பட்டு நூலின் நுண்தூசி படிந்திருந்தது. நாளெல்லாம் தறி அதிர, அதிர்வில் அது மெல்ல நழுவியுமிருந்தது. வேட்டி முனையால் துடைத்து, ஊதி, வேறொரு துளையில் அழுந்தச் செருகினார். கணினி ஒரு சிறு மணியொலி எழுப்பியது. டிவைஸ் மேனேஜரில் வெளிறிக் கிடந்த பெயர் கறுத்துத் தெளிந்தது. சில நொடிகளில் வலக்கோடியில் விசிறி விரிந்தது. பெண் கடவுச்சொல்லைத் தட்டினாள். பக்கம் திறந்தது.

அவர் திரையை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. இதில் வியப்பும் இல்லை. 1804இல் பிரான்சின் லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் வகுத்த துளையட்டைகளே பிற்காலக் கணிப்பொறிகளுக்கு முன்னோடி. அட்டையில் துளை உள்ள இடத்தில் கொக்கி நூலைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. தறிக்குக் கணினி பேரன் முறை. தாத்தாவோடு வாழ்நாளெல்லாம் பழகியவருக்குப் பேரனின் நோய் தெரியாமலா போகும்? திரையில் தோன்றும் சின்னத்தைத் திரையிலேயே தேடிக்கொண்டிருந்தவர்கள் நாம்.

பெண் தன் வேலையில் ஆழ்ந்தாள். நாம் முன்கட்டுக்கு வந்து அவரோடு தறியருகே அமர்ந்தோம். அவள் அன்னையின் படம் சுவரில் இருந்தது. இனியும் கேளாமல் இருக்க முடியவில்லை.

"ஏன் ஐயா கோயிலுக்கு வருவதே இல்லை?" என்றோம்.

அவர் சற்று நேரம் பாவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீங்க வரல சாமி. அதுக்கப்புறம் நான் வரல" என்றார்.

எதை அவர் சொல்கிறார் என்று நாம் அறிவோம். அந்த மே மாதத்தில் அவர் மனைவியின் உடலைக் கல்லறைக்குக் கொண்டுசென்றபோது உடன் சென்றவர்கள் நால்வர். நாம் தொலைபேசியிலேயே அடக்கச் செபத்தைச் சொன்னோம். ஒருவர் கைபேசியைக் குழியருகே பிடித்துக்கொண்டிருந்தார். விதிகள் தடுத்தன என்று மற்றவர்களிடம் சொன்னோம். விதிகள் இருந்தது உண்மை. ஆயினும் கல்லறையின் வாயில்வரை சென்று, எட்டி நின்றேனும் கை உயர்த்தி ஆசீர்வதிக்க விதி தடையில்லை. நம்மைத் தடுத்தது அச்சம். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறோம். அவரிடம் சொன்னதில்லை.

அன்று சொன்னோம். "பயந்துவிட்டேன், ஐயா. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றோம். எழுத்தில் 'நாம்' என்று எழுதுவது வழக்கம். அந்த இடத்தில் அந்தப் பன்மை வாயில் வரவில்லை.

அவர் தலையசைத்தார். பிறகு சொன்னதை அவர் மொழியிலேயே தருகிறோம்:

"நீங்க வரலன்னு சாமியை விட்டுட்டீங்கன்னு நான் நினைக்கல. நானும் விடல. ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குப் பூசைன்னு தெரியும். எட்டுலேர்ந்து ஒன்பது வரைக்கும் நாடாவைத் தொட மாட்டேன். தறியில சும்மா உட்கார்ந்திருப்பேன். அவ இருந்தப்ப அந்த நேரத்துக்கு நாங்க கோயில்ல இருப்போம். இப்பவும் அந்த நேரத்துக்குத் தறி ஓடறதில்ல."

நெய்தால்தான் கூலி. ஒரு மணி நேரம் தறி நின்றால் அந்த ஒரு மணி நேரத்துக்குரிய காசு இல்லை. பல ஆண்டுகளாக ஞாயிறுதோறும் அந்த வீட்டிலிருந்து எழுந்த காணிக்கை அது. கோயிலின் கணக்கேட்டில் அதற்குப் பத்தி இல்லை. தெருவில் போவோர் செவிக்கு அது ஓர் ஓசையின்மை மட்டுமே. நமது பதிவேட்டிலோ அது ஒரு வினாக்குறி.

எலியாவை நினைத்துக்கொண்டோம். ஓரேபு மலையில் நின்று, உமக்கென்று எஞ்சியிருப்பவன் நான் ஒருவனே என்று அவர் ஆண்டவரிடம் முறையிட்டார். பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இஸ்ரயேலில் இருக்கின்றனர் என்று ஆண்டவர் பதிலுரைத்தார். இறைவாக்கினரின் கண்ணுக்கு அந்த ஏழாயிரம் பேரில் ஒருவரும் படவில்லை. தலைக்கணக்கில் இறைவாக்கினர்க்கே இவ்வளவு பிழை நேருமானால் பங்குத்தந்தையர்க்கு நேருவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆயினும் சின்னம் வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. அவ்வாறு சொன்னால் அது கத்தோலிக்கப் போதனையாகாது. உள்ளத்தில் பற்று இருந்தால் போதும், கோயில் எதற்கு, அருள்சாதனம் எதற்கு என்போர் உண்டு. காணக்கூடிய அடையாளத்தின் வழியே காணாத அருளைத் தருவது இறைவன் நமக்கென வகுத்த முறை. அந்தப் பெண்ணுக்கு விசிறிச் சின்னம் திரும்பி வந்தபோது அவள் முகத்தில் தோன்றிய நிம்மதியைக் கண்டவர், சின்னம் தேவையற்றது என்று சொல்லமாட்டார். அவள் தந்தையாருக்கும் கல்லறையருகே ஒரு குருவின் உயர்த்திய கை தேவைப்பட்டது. அந்தச் சின்னம் அன்று அங்கே இல்லை. அதை இல்லாமற்செய்தவர்கள் நாம்.

சின்னம் காணாமற்போவது ஒரே காரணத்தால் அன்று. நம் அறையில் நடந்தது ஒரு வகை. இணைப்பு உண்டு, சின்னம் மட்டும் மறைந்திருக்கிறது. அம்புக்குறியைத் தட்டினால் போதும். மாகறல் வீட்டின் கணினி இரண்டாம் வகை. சின்னத்தோடு தொடர்பும் அறுந்திருக்கிறது. பின்புறம் குனிந்து தூசி துடைக்க வேண்டும். மூன்றாம் வகை ஒன்றும் உண்டு. வாசகர் தம் கைபேசியிலேயே கண்டிருப்பர். விசிறி முழுமையாக விரிந்திருக்கும், ஆனால் ஓரத்தில் ஒரு சிறு வியப்புக்குறி நிற்கும். இணைப்பு உண்டு, இணையம் இல்லை என்று செய்தி வரும். வீட்டில் உள்ள பெட்டியோடு கைபேசி நன்றாகத்தான் இணைந்திருக்கிறது. அப்பெட்டிக்கும் வெளியுலகுக்கும் நடுவே கம்பி அறுந்துவிட்டது.

இம்மூன்றாம் வகையே அபாயமானது. சின்னம் பளிச்சென்று இருப்பதால் யாருக்கும் ஐயம் எழாது. வெள்ளை அங்கி, ஒலிபெருக்கி, தவறாத திருப்பலி நேரம், நிறைந்த ஆலயம். சின்னங்கள் யாவும் இடத்தில் இருக்கும். மக்கள் நம்மோடு இணைந்திருப்பர். நமக்கும் மேலே உள்ளவருக்கும் இடையே ஏதோ ஒன்று எப்போதோ அறுந்திருக்கும். அந்த மே மாதத்தில் நம் நிலை அதுவாக இருந்திருக்கலாம். ஆலயம் அடைத்துக் கிடந்த அந்நாள்களிலும் தவறாமல் இணையவழித் திருப்பலி ஒளிபரப்பினோம். பார்வையாளர் எண்ணிக்கையையும் நாள்தோறும் பார்த்துக்கொண்டோம். சின்னம் முழுமையாக ஒளிர்ந்தது. குழியருகே நம் குரல் மட்டும் போனது. நாம் போகவில்லை.

எனவே சின்னத்தைக் காணாதபோது தீர்ப்பெழுத வேண்டாம். அது முடிவன்று, அழைப்பு. எழுந்து போய்ப் பார் என்னும் அழைப்பு. எம்மாவு வழியில் சீடர் இருவர் ஆண்டவரை அப்பம் பிட்கையில் கண்டுகொண்டனர். கண்டுகொண்ட அக்கணமே அவர் மறைந்தார். போய்விட்டாரே என்று அவர்கள் கலங்கி அமர்ந்துவிடவில்லை. அந்நேரமே எழுந்து எருசலேமை நோக்கி நடந்தனர். நல்ல ஆயனும் காணாமற்போன ஆட்டைப் பட்டியலிலிருந்து நீக்கவில்லை. தொண்ணூற்றொன்பதையும் விட்டுத் தேடிச் சென்றான். நாம் செய்ததோ, மூன்று தெருத் தொலைவில் அமர்ந்து பென்சிலை எடுத்தது.

அன்று மாலை ஐந்து மணிக்குள் அப்பெண் தன் வரிசையைப் பதிந்து முடித்தாள். இன்று ஒரு பொறியியற் கல்லூரியில் படித்து வருகிறாள். நாம் பங்குக்குத் திரும்பியதும் பதிவேட்டை எடுத்து அந்த வினாக்குறியை அழித்தோம். பென்சிற்கோடுதான், எளிதில் அழிந்தது. ஆயினும் தாளைச் சாய்த்துப் பிடித்தால் அதன் தடம் தெரிகிறது. அதன்பின் அப்பதிவேட்டில் பென்சிலால் குறியிட்டிருந்த மற்றப் பெயர்களையும் எண்ணிப் பார்த்தோம். முப்பத்தொன்று இருந்தன. வாரத்துக்கு ஒரு வீடு என்று சென்று வருகிறோம். சில வீடுகளில் சின்னம் மட்டுமே மறைந்திருந்தது. சில வீடுகளில் உண்மையாகவே தொடர்பு அறுந்திருந்தது. அங்கெல்லாம் குனிந்து பார்த்தால், தூசி பெரும்பாலும் நம் பக்கத்ததாகவே இருக்கிறது.

மாகறல் நெசவாளர் இன்னும் ஆலயத்துக்கு வரவில்லை. அவர் மனைவியின் கல்லறையை மந்திரிக்க நாம் சென்றபோது உடன் வந்து நின்றார். பாடினார். அவ்வளவே. வற்புறுத்த நமக்கு உரிமை இல்லை. காத்திருக்கிறோம்.

ஆனால் ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பீடத்தை முத்தி செய்து நிமிர்கையில், நம் முன்னே இருக்கும் மக்களை மட்டும் இப்போது நாம் எண்ணுவதில்லை. அந்நேரம் மாகறலில் ஒரு தறி நின்றிருக்கும்.